கோடையில் மட்டும் இருக்கும் காணி

தம்பி, கனடாவுக்கு வந்து எட்டு மாதத்தில் இந்தக் கேள்வியைக் கேட்கிறாய் என்றால் நீ மட்டக்களப்பான்தான், சந்தேகமே இல்லை. வேலை முடிந்து பேஸ்மென்ட் படியில் இறங்கும்போது வாவிக் காற்றுக்கு மனம் ஏங்கும். அந்த நேரம் பார்த்து யாராவது வாட்ஸ்அப்பில் படம் அனுப்புவார்கள். வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைப் பக்கம் வாவிக்குள் ஒரு சின்னத் தீவு, மூன்று ஏக்கர், நாலு பேர் சேர்ந்து வாங்கி மண்வீடும் சூரிய மின்சாரமும் வைத்துச் சுற்றுலாப் பயணிகளுக்கு விடலாம், பங்குக்குப் பணம் போடலாமா என்று கேட்டிருக்கிறாய். இப்போதைக்குப் போடாதே.

2016இல் நானும் வாவிக்கரையில் 80 பேர்ச்சஸ், அதாவது அரை ஏக்கர், வாங்கினேன். தரகர் அனுப்பிய படம் ஆவணியில் எடுத்தது. வெள்ளை மணல், ஓரத்தில் கண்டல் மரங்கள், நடுவில் இரண்டு தென்னை. காணிப் பத்திரமான உறுதியை எழுதி முடித்து, மார்கழியில் குடும்பத்தோடு போய் இறங்கினேன். கிழக்கு எல்லைக்கல்லைத் தேடி முழங்கால் தண்ணீரில் நடந்துகொண்டிருந்தேன். பக்கத்தில் தோணியில் வலை எடுத்துக்கொண்டிருந்த பெரியவர் கம்பைத் தண்ணீருக்குள் விட்டுத் தட்டினார். கல்லில் பட்ட சத்தம் கேட்டது. "இங்கே இருக்கிறது, மகன். இது கோடையில் மட்டும் இருக்கிற காணி" என்றார். கோடையில் வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்தை மணல் அடைத்துவிடும், வாவி வற்றிக் கரை விலகும். மாரியில் மேற்கிலிருந்து வெள்ளமும் வந்து சேர்ந்தால், முகத்துவாரத்தை வெட்டிவிடும்வரை வயலும் கரையும் தண்ணீருக்குள்தான். சின்ன வயதில் வருடாவருடம் பார்த்ததுதான், இங்கே இருந்து மறந்துபோயிருந்தேன்.

இன்னொரு முட்டாள்தனமும் செய்தேன். அப்போது என்னிடம் இரட்டைக் குடியுரிமை இல்லை. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டவர் இலங்கையில் காணி வாங்க முடியாது. 99 வருடம் வரை குத்தகைக்கு எடுக்கலாம். இரட்டைக் குடியுரிமை உள்ளவர்களுக்கு அந்தத் தடை இல்லை. அதற்கு விண்ணப்பித்துக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் மைத்துனர் பெயரில் எழுதினேன். மைத்துனர் தங்கமான மனிதர். ஆனால் அவருக்கு இரண்டு பெண்பிள்ளைகள். எங்கள் ஊரில் பெண்ணுக்கு வீடு வளவு கொடுக்காமல் கல்யாணப் பேச்சு நகராது. மீதியை நீயே ஊகித்துக்கொள். நீ இன்னும் இலங்கைக் குடிமகன், உன் பெயரிலேயே எழுதலாம். நாளைக்குக் கனடியக் குடியுரிமை எடுக்கும்போது, சத்தியப்பிரமாணத்துக்கு முன்பே இலங்கைக் குடியுரிமையைத் தக்கவைக்க விண்ணப்பி. இல்லாவிட்டால் அது தானாகவே போய்விடும்.

உன் தீவு உறுதிக் காணியா, பேர்மிட் காணியா? அந்தச் செய்தியில் இதைப்பற்றி ஒரு சொல்கூட இல்லை, எனக்கு அதுதான் உறுத்துகிறது. பேர்மிட் காணி என்றால் அது அரசாங்கத்தின் காணி. பிரதேச செயலாளரின் சம்மதம் இல்லாமல் கைமாற்ற முடியாது. வெள்ளைத்தாளில் எழுதி முத்திரை ஒட்டித் தருவதெல்லாம் உறுதி ஆகாது. உறுதி இருக்கிறது என்றால் காணிப் பதிவகத்தில் முப்பது வருடமாவது பின்னோக்கித் தேடச் சொல். பெரும்பாலும் பிரிக்காத பங்காக இருக்கும், பங்காளி ஒருவர் சுவிசில் இருப்பார். உறுதி எழுதும் நொத்தாரிசை நீயே பிடி. விற்பவர் கூட்டிவரும் நொத்தாரிசு விற்பவருடைய ஆள்.

கடலோரத்தில் உயர்நீர்க் கோட்டிலிருந்து 300 மீற்றர் வரை கரையோர வலயம். கடலோடு சேரும் வாவி என்றால் வாயிலிலிருந்து 2 கிலோமீற்றர் உள்ளேயும் நீளும். அதற்குள் ஒரு குடில் போடுவதற்கும் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். இயற்கைக்கு இசைவானது என்று நாம் சொல்லிக்கொள்வதால் அனுமதி தேவையில்லாமல் போகாது.

இயற்கை என்றதும் எல்லோரும் கூரையைத்தான் பேசுகிறார்கள். எனக்குக் கவலை கிணறும் மலசலகூடமும். அந்த மாதிரி மணல் திட்டில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேலே மெல்லிய படையாகத்தான் மிதக்கும். பத்து விருந்தினர் இரண்டு வேளை குளிக்க மோட்டர் போட்டால் கிணறு உவர்த்துவிடும். குழி மலசலகூடம் வெட்டினால் மாரியில் நிலத்தடி நீர் மேலே வந்து, கழிவு நேரே வாவிக்குப் போகும், இறால் பிடிக்கிறவன் வலைக்குள். கண்டலை வெட்டி இறங்குதுறை கட்டினாலும் அவனுக்குத்தான் அடி. மீன்குஞ்சும் இறால்குஞ்சும் அந்த வேர்களுக்குள்தான் வளர்கின்றன.

பணத்தை உண்டியலில், அதாவது வங்கிக்கு வெளியே ஆள்வழியாக, அனுப்பாதே. வங்கியில் உள்முக முதலீட்டுக் கணக்கு திறந்து அதன் வழியே கொண்டுபோ, விற்றால் திருப்பி எடுக்க அதுதான் வழி. வாடகைக்கு விடும் சொத்தையும் சேர்த்து வெளிநாட்டில் உள்ளவற்றின் கொள்விலை ஒரு லட்சம் கனடிய டொலரைத் தாண்டினால், இங்கே வரிக்கணக்கோடு தனிப்படிவமும் நிரப்ப வேண்டும். கடன் எடுத்துப் போடுவதைப்பற்றிக் கேட்கவே கேட்காதே.

கார்த்திகைக் கடைசியில் இரண்டு கிழமை லீவு எடு. தீவுக்குத் தரகரோடு போகாமல், அங்கே தொழில் செய்கிற தோணிக்காரர் ஒருவரோடு போய் எல்லைக்கல் நாலையும் காலால் தொட்டுப் பார். புறப்படும் முன் உறுதியின் நகலையும் நிலம் அளந்த சேவையரின் வரைபடத்தையும் எனக்கு அனுப்பு. வரைபடத்தில் எல்லை 'வாவி' என்று மட்டும் போட்டிருந்தால் டிக்கெட்டை ரத்துச் செய்துவிடலாம்.