மூட்டைப் பூண்டை வாங்கிச் சுட்டு வைப்பவர்களுக்கு

கேள்வி: பூண்டு விலை இறங்கியிருக்கிறது. பத்து கிலோ வாங்கிச் சுட்டு ஃப்ரீசரில் வைக்கலாமா? (மதுரை வாசகி)

பதில்: வைக்கலாம். ஆனால் முதல் தடவை இரண்டு கிலோவோடு நிறுத்துங்கள்; தோலும் நீரும் போகக் கையில் நிற்பது எவ்வளவு, உங்கள் வீட்டில் மாதம் எவ்வளவு செலவாகிறது என்பது தெரிந்தபின் மூட்டையைப் பற்றி யோசிக்கலாம். முழுப் பூண்டின் தலையைப் பற்கள் தெரியுமளவு சீவி, சிறிது எண்ணெய் தடவி, அலுமினியத் தாளில் பொதிந்து, மின் அடுப்பில் (ஓவனில்) 200 டிகிரியில் 40 முதல் 45 நிமிடம் சுடுங்கள். மின் அடுப்பு இல்லாதவர்கள் தோலோடு பற்களை உதிர்த்து, கனமான இரும்புச் சட்டியில் மூடி வைத்துச் சிறுதீயில் அவ்வப்போது புரட்டிவிடலாம். பல்லை அடியில் பிதுக்கினால் தேன் நிறத்தில் விழுதாக வழுக்கி வெளியே வர வேண்டும். நடுவில் கெட்டியாக நின்றால் இன்னும் வேகவில்லை. ஆறியவுடன், அன்றைக்கே, மசித்து ஐஸ் தட்டில் நிரப்பி உறையவிட்டு, கட்டிகளைப் பையில் மாற்றிக் காற்றை அழுத்தி வெளியேற்றித் தேதி எழுதுங்கள். மூன்று மாதத்துக்குள் தீர்த்துவிட்டால் மணம் குறையாது. குழம்பு கொதிக்கும்போது கட்டியை நேராகப் போட்டுவிடலாம்.

கேள்வி: அரைத்த பூண்டு பச்சை நிறமாகிவிட்டது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா? (திருச்சி வாசகர்)

பதில்: இல்லை. பூண்டிலுள்ள கந்தகச் சேர்மங்களால் வரும் நிறம் அது; சாப்பிடலாம்.

கேள்வி: தெருவில் வந்த வண்டியில் "கொடைக்கானல் மலைப்பூண்டு" என்று ஐந்து கிலோ சாக்கு வாங்கினேன். பாதி சொத்தை. ரசீது இல்லை. யாரிடம் புகார் செய்வது? (விருதுநகர் வாசகர்)

பதில்: சாக்கைப் பிரித்துப் பார்க்கவில்லை, எடையைச் சரிபார்க்கவில்லை, ரசீதும் கேட்கவில்லை, வண்டியும் போய்விட்டது. இத்தனையும் ஆனபின் யார்மீது புகார் எழுதுவது? கொடைக்கானல் மலைப்பூண்டு 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. அந்தப் பெயருக்குக் கூடுதல் விலை கொடுப்பவர் பெயரை மட்டும் கேட்டு வாங்கலாகாது. நானும் மலைச்சாலைக் கடையொன்றில் இதே தவறைச் செய்தவன்தான். மேலடுக்கில் பற்கள் திமிறிக்கொண்டிருந்த பூண்டு. கையை உள்ளே விட்டு எடுத்ததோ, விரல் பட்டதும் தட்டையாகி உமியாக உதிர்ந்தது, தோலுக்கடியில் கறுப்புப் பூஞ்சைத் தூளும் இருந்தது. அன்றுமுதல் சாக்கின் அடியிலிருந்து நான்கைந்து பூண்டை அழுத்திப் பார்க்காமல் நான் வாங்குவதில்லை. பெரியகுளம் பக்கத்து வடுகபட்டிச் சந்தையிலேயே வாங்கினாலும் அப்படித்தான்.

கேள்வி: என் அம்மா இணையத்தில் ஒருவரிடம் "எண்ணெயில் ஊறிய சுட்ட பூண்டு" ஜாடியை 650 ரூபாய்க்கு வாங்கினார். தேதியோ உரிம எண்ணோ இல்லை. மூடி உப்பியிருக்கிறது. விற்றவர் பணம் தர மறுக்கிறார். (கோவை வாசகி)

பதில்: ஜாடியைத் திறக்கவோ ருசி பார்க்கவோ வேண்டாம். உங்கள் அம்மாவின் மேல் எந்தத் தவறும் இல்லை. அவர் நம்பி வாங்கினார். விற்றவர்தான் அந்த நம்பிக்கையைக் கெடுத்தார்.

இதைப் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறேன், மீண்டும் சொல்கிறேன். மண்ணில் விளையும் பூண்டில் பாட்டுலிசம் நோய்க்கிருமியின் வித்துகள் ஒட்டியிருக்கக்கூடும். சாதாரணக் கொதிநிலையில் அவை சாவதில்லை. அழிக்க அழுத்தத்தோடு கூடிய 121 டிகிரி வெப்பம் வேண்டும். புளிப்பில்லாத பூண்டை எண்ணெயில் மூழ்கவிட்டால் காற்றுப் படாத இடம் அந்த வித்துகளுக்குக் கிடைக்கிறது. ஜாடியை அலமாரியில் வைத்தால் அவை வளர்ந்து, நரம்புகளைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சை உண்டாக்கும். அதற்கு வாசனையும் இல்லை, சுவையும் இல்லை, மூடி உப்பித்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. 1985-இல் கனடாவின் வான்கூவர் நகர உணவகம் ஒன்றில், குளிரில் வைக்காத எண்ணெய்ப் பூண்டைச் சாப்பிட்ட 36 பேர் இந்நோயால் பாதிக்கப்பட்டார்கள். 1989-இல் நியூயார்க் மாநிலத்தில் மேலும் மூவர் நோயுற்றபின், கடைக்கு வரும் எண்ணெய்ப் பூண்டில் அமிலம் சேர்த்தாக வேண்டும் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் உத்தரவிட்டது. இவ்வளவு நடந்த பிறகும், "பாட்டி கைப்பக்குவம்" என்று அழகான சீட்டு ஒட்டி, தயாரித்த நாளைக்கூட எழுதாமல் விற்கிறார்கள் என்றால் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது. வீட்டில் செய்து விற்றாலும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிந்திருக்க வேண்டும். சீட்டில் 14 இலக்க எண் இருக்க வேண்டும்.

ஜாடியைப் படமெடுத்து, உறையிட்டுக் கட்டித் தனியே வையுங்கள். பணம் செலுத்திய சான்றோடு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள்; மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலரிடமும் எழுதிக் கொடுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை.

கேள்வி: நானே சுட்டு நல்லெண்ணெயில் போட்டு அலமாரியில் வைக்கலாமா? (சேலம் வாசகி)

பதில்: கூடாது. குளிர்சாதனப் பெட்டியில் நான்கு நாள்; அதற்குமேல் வைப்பதானால் செய்த அன்றைக்கே ஃப்ரீசர்.

கேள்வி: எந்த டப்பா நல்லது? (தஞ்சாவூர் வாசகர்)

பதில்: ஃப்ரீசருக்கு ஏற்றது என்று அச்சிட்ட, இறுக்கமான மூடியுள்ள டப்பா. நான் மலிவென்று வாங்கிய ஆறு பிளாஸ்டிக் டப்பாக்கள் ஒரே வாரத்தில் விரிசல் விட்டு, ஐஸ் கட்டி முழுவதும் பூண்டு வாடை ஏறியது.

கேள்வி: இரவெல்லாம் மின்சாரம் இல்லை. உறைந்த பூண்டைத் தூக்கி எறிவதா? (கடலூர் வாசகி)

பதில்: கதவைத் திறக்காமல் இருந்தால், நிறைந்த ஃப்ரீசர் சுமார் 48 மணி நேரமும் பாதி நிறைந்தது 24 மணி நேரமும் குளிரைத் தாங்கும். கட்டியில் பனித்துகள் இன்னும் இருந்தால் மறுபடி உறையவிடலாம். முழுவதும் இளகிச் சூடேறியிருந்தால் எறிந்துவிடுங்கள்.