புது பிரேக் பேட் போட்டதிலிருந்து ஒரு சக்கரம் மட்டும் இறுகிச் சூடாகிறது. காலிப்பரை மாற்ற வேண்டுமா?

முன்சக்கரங்களுக்கு நீங்களே புது பேட் போட்டீர்கள், இருபது கிலோமீட்டர் ஓடினால் இடது சக்கரம் கொதிக்கிறது, ஜாக்கியில் தூக்கினால் கையால் சுற்ற முடியவில்லை, காலிப்பரை (சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கைப் பேடால் கவ்விப் பிடிக்கும் பாகம்) மாற்றச் சொல்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். இப்போதைக்கு மாற்ற வேண்டாம். காலிப்பரிலிருந்து பிரேக் ஆயிலை வெளியே விடும் பிளீடர் நிப்பிளை ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள். நான் அதைச் செய்யாமல் ஜே.சி. ரோட்டில் புது காலிப்பர் வாங்கி மாட்டினேன். மறுநாளே மறுபடி சூடானது.

பெங்களூரு அல்சூரில் இருக்கிறேன். என் கார் பத்து வருடப் பழசு. ஒரு ஞாயிற்றுக்கிழமை அபார்ட்மென்ட் கீழ்த்தளத்தில் வைத்து முன் பேடுகளை மாற்றினேன். அந்த வாரம் முழுக்க ஆபீஸ் போய்வந்தபோது எதுவும் தெரியவில்லை. இந்த ஊர் டிராஃபிக்கில் கால் பாதி நேரம் பிரேக்கில்தான் இருக்கும், எப்படித் தெரியும்? சனிக்கிழமை அம்மாவைப் பார்க்க ஓசூருக்குக் கிளம்பினேன். சில்க் போர்டு தாண்டி மேம்பாலத்தில் ஏறி, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் வண்டி உருண்டு ஓடாமல் மணலில் இறங்கியதுபோல அமுங்குகிறது. அத்திப்பள்ளி டோலில் கண்ணாடியை இறக்கியதும் கருகல் வாடை. ஓரங்கட்டிப் பார்த்தேன். வலது சக்கரத்தில் கை வைக்க முடிந்தது. இடது சக்கரத்துக்கு ஒரு சாண் முன்னாலேயே கை சுட்டது.

அப்படிச் சூடாக இருக்கும்போது தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள், டிஸ்க் கோணலாகலாம், விரிசலும் விடலாம். நிறுத்தி ஆற விடுங்கள். ‘மெதுவாகப் போய்விடலாம்’ என்று ஓட்டுவதும் ஆபத்து. டாட் 4 பிரேக் ஆயில் புதிதாக இருக்கையில் 230 டிகிரி வரையாவது கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் உறிஞ்சிவிட்டால் அந்தத் தரத்தின் அளவே 155 டிகிரிதான். கொதித்து ஆவியாகிவிட்டால் பெடலை மிதிக்க மிதிக்க அது உள்ளே போகுமே தவிர பிரேக் பிடிக்காது.

சரி, சோதனைக்கு வருவோம். முதலில், எவ்வளவு உரசல் இயல்பு என்பது தெரிய வேண்டும். டிஸ்க் பிரேக்கில் பேடைப் பின்னால் இழுக்க ட்ரம் பிரேக்கில் இருப்பது மாதிரி ஸ்பிரிங் கிடையாது. காலிப்பருக்குள் பேடைத் தள்ளும் பிஸ்டனைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம் இருக்கிறது. மிதிக்கும்போது பிஸ்டனோடு சேர்ந்து அது லேசாக முறுக்கிக்கொள்ளும், விட்டதும் நிமிர்ந்து பிஸ்டனை மில்லிமீட்டரில் ஒரு பங்கு பின்னால் இழுக்கும், அவ்வளவுதான். அதனால் புது பேடில் ‘ஸ்ஸ்’ என்ற மெல்லிய உரசல் இருக்கவே செய்யும். ஒரு கையால் சக்கரம் சுற்றினால் போதும். இரண்டு கையால் தள்ளியும் நகரவில்லை என்றால்தான் கோளாறு.

சமதளத்தில் நிறுத்தி, பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஜாக்கியோடு ஸ்டாண்டும் வைத்துச் சக்கரத்தைக் கழற்றுங்கள். உதவிக்கு ஒருவர் பெடலை நாலைந்து முறை அழுத்தமாக மிதித்து விடட்டும். டிஸ்க் இறுகியிருக்கும். அந்த நிலையிலேயே நிப்பிளில் டியூப் மாட்டி, ஸ்பேனரால் கால் சுற்று திறங்கள். பீய்ச்சி அடித்து ஆயில் வந்து, உடனே டிஸ்க் சுற்றினால் உள்ளே அழுத்தம் மாட்டிக்கொண்டிருக்கிறது. சொட்டுச் சொட்டாக வந்து, டிஸ்க் அப்படியே இறுகி நின்றால் இரும்பில் எங்கோ சிக்கல்.

இரும்புச் சிக்கல்தான் அதிகம் நடப்பது. காலிப்பரை நகரவிடும் ஸ்லைடு பின்கள் காய்ந்து துருவேறியிருக்கும். கழற்றித் துடைத்து, ரப்பருக்கு ஒத்துக்கொள்ளும் சிலிக்கோன் கிரீஸ் தடவுங்கள். வீல் பேரிங்குக்குப் போடும் கிரீஸ் அங்கே வேண்டவே வேண்டாம், ரப்பர் ஊதிப்போய்ப் பின் முன்னைவிட மோசமாக இறுகும். அடுத்தது, பேட் உட்காரும் கிளிப்புக்கு அடியில் துரு. அதைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எடுத்தபின் பேட் விரலால் தள்ளியே நகர வேண்டும், சுத்தியல் கேட்கக்கூடாது. மூன்றாவது பிஸ்டன். பழைய பேட் தேயத் தேயப் பிஸ்டன் வெளியே வந்திருக்கும். வெளியே நின்ற அந்தப் பகுதியின் மேலுறை கிழிந்திருந்தால் தூசும் துருவும் பிடித்திருக்கும். புது பேடுக்கு இடம் விட அதை உள்ளே தள்ளும்போது அந்தத் துரு ரப்பர் வளையத்துக்குள் போய் இறுக்குகிறது. நேற்றுவரை நன்றாக ஓடிய வண்டி பேட் மாற்றியதும் மக்கர் செய்வதற்கு இது ஒரு பெரிய காரணம். காலிப்பரைப் பிரித்துச் சுத்தம் செய்யவோ மாற்றவோ வேண்டிய இடம் இதுதான்.

என் வண்டியில் ஆயில் பீய்ச்சி அடித்தது. அதைச் செய்து காட்டியவர் எங்கள் தெருமுனை மெக்கானிக், குடியாத்தத்துக்காரர். அவர் நிப்பிளை மூடி, மறுபடி மிதிக்கச் சொன்னார். இந்த முறை ரப்பர் ஹோஸும் இரும்புக் குழாயும் சேரும் நட்டைத் தளர்த்தினார். ஆயில் கசிந்தது, ஆனால் டிஸ்க் விடவில்லை. அப்படியென்றால் அழுத்தம் அந்த நட்டுக்குக் கீழேதான் நிற்கிறது. என்னைப் பார்த்து, “பேட் மாத்தும்போது காலிப்பரை எங்க வெச்ச தம்பி?” என்றார்.

“ஹோஸ்லயே தொங்குச்சுண்ணே.”

அவர் தலையாட்டிவிட்டு ஹோஸைக் கழற்றி, முனையை ஆக்சா பிளேடால் அறுத்துக் காட்டினார். வெளியே கீறல்கூட இல்லை. உள்ளே, வாய்க்கருகில் ரப்பர் உரிந்து நாக்கு மாதிரி மடிந்து ஓட்டையை அடைத்திருந்தது. கால் மிதிக்கும் வேகத்துக்கு ஆயில் அந்த நாக்கைத் தள்ளிக்கொண்டு சக்கரத்துக்குப் போய்விடுகிறது. திரும்பி வர அதைத் தள்ளுவது அந்த ரப்பர் வளையத்தின் சின்ன பலம் மட்டும்தான், அது போதவில்லை. பத்து வருட ரப்பர் ஏற்கெனவே நைந்திருக்கும், காலிப்பரின் கனமும் சேர்ந்து உரித்துவிட்டது. காலிப்பரைக் கழற்றினால் ஒரு கம்பியால் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கில் கட்டித் தொங்கவிடுங்கள். நீங்களும் என்னைப்போல ஹோஸில் தொங்கவிட்டிருந்தால் அதைத்தான் முதலில் சந்தேகிப்பேன்.

உங்களுக்கு ஒரு சக்கரம்தான் என்பதால் பெடலை மிதித்ததும் சக்கரங்களுக்கு ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரைப் பெரிதாகச் சந்தேகிக்க வேண்டாம். இரண்டு முன்சக்கரமும் சேர்ந்து இறுகினால் அதைப் பார்க்க வேண்டும். பூஸ்டரோடு (மிதிக்கும் பலத்தைக் கூட்டும் பாகம்) அதைப் பிடித்திருக்கும் நட்டுகளைக் கொஞ்சம் தளர்த்தியதும் சக்கரங்கள் விட்டால், பெடலுக்கு ஃப்ரீ பிளே, அதாவது பிரேக் பிடிக்கத் தொடங்கும்முன் இருக்க வேண்டிய சின்ன இடைவெளி, இல்லை என்று அர்த்தம்.

இடது, வலது இரண்டு ஹோஸையும் மாற்றி, ஆயிலையும் புதிதாக ஊற்றி, காற்றெடுத்தோம், அதாவது குழாய்க்குள் புகுந்த காற்றை வெளியேற்றினோம். நட்டைத் திறந்த பிறகு காற்றெடுக்காமல் தெருவில் இறக்காதீர்கள். பெயின்ட் மேல் ஆயில் சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், அரித்துவிடும். அடுத்த வாரம் ஓசூர் போய் இறங்கியதும் இரண்டு சக்கரத்திலும் கை வைத்துப் பார்த்தேன், ஒரே சூடு.

உங்கள் இடது பேடுகளையும் கழற்றிப் பாருங்கள். என்னுடையவை ஒரே வாரத்தில் கண்ணாடி மாதிரி பளபளப்பேறி, ஓரம் பொரிந்திருந்தன. ஒரு பக்கம் மட்டும் புதிதாகப் போட்டால் பிரேக் ஒருபுறமாக இழுக்கும் என்பதால் நாலையும் மாற்ற வேண்டியிருந்தது.