கணினிக் கேள்வி-பதில்: மூன்று மினி பிசி, ஒரு பிடிவாதக்கார பாட்

கேள்வி: எம்.சி. ரோட்டில் ஜவுளிக் கடை வைத்திருக்கிறோம். பில்லிங், ஸ்டாக் கணக்கு எல்லாம் மூன்று மினி பிசியில் ஓடுகிறது. உபுண்டு சர்வர் மேல் கே3எஸ் (புரோகிராம்களைப் பல கணினிகளில் பங்கிட்டு ஓட்டும் குபர்நெட்டிஸின் சிறிய பதிப்பு) போட்டிருக்கிறேன், ஒவ்வொன்றிலும் 8 ஜிபி ராம். டேட்டாவைப் பல கணினிகளில் பிரதி எடுத்து வைக்கும் லாங்ஹார்ன் நிறுவியதும் அதன் பாட்கள் (குபர்நெட்டிஸ் ஓட்டும் புரோகிராம் பொட்டலங்கள்) எல்லாம் ரன்னிங் என்று வந்துவிட்டன, வால்யூமும் (அது தரும் டிஸ்க்) அட்டாச் ஆகிவிட்டது. டேட்டாபேஸ் பாட் மட்டும் மவுன்ட் ஆகாமல் நிற்கிறது, டிஸ்க் ஏற்கெனவே பயன்பாட்டில் இருப்பதாக ஒரு எர்ரர். பேசாமல் இதைத் தூக்கிவிட்டு ரூக் என்ற வேறு ஸ்டோரேஜ் போட்டுவிடவா சார்?
- வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: அவசரப்படாதீர்கள். லாங்ஹார்ன் மேல் குற்றமே இல்லை, உபுண்டுவில் மல்டிபாத் என்று ஒரு சர்வீஸ் நீங்கள் கேட்காமலே ஓடிக்கொண்டிருக்கும், சந்தேகம் அதன் மேல்தான். ஒரே டிஸ்க்குக்கு இரண்டு மூன்று வழி வைத்திருக்கும் பெரிய டேட்டா சென்டர்களுக்கான சமாச்சாரம் அது, உங்கள் கடைக்கு அதனால் பைசா பிரயோஜனம் இல்லை. லாங்ஹார்ன் ஒவ்வொரு வால்யூமையும் ஐஸ்கஸி (நெட்வொர்க் வழியே டிஸ்க்கைக் காட்டும் முறை) வழியாக நோடுக்கு (கிளஸ்டரில் உள்ள ஒரு கணினி) ஒரு புது டிஸ்க்காகக் காட்டுகிறது. இந்த சர்வீஸ் குறுக்கே வந்து, இது என்னுடையது என்று பிடித்துக்கொள்கிறது. அப்புறம் அதில் ஃபைல்சிஸ்டம் போட வரும் குபர்நெட்டிஸுக்கு, டிஸ்க் யாரிடமோ இருக்கிறது என்ற பதில்தான் கிடைக்கும். பாட் ஓடவேண்டிய நோடில், டிஸ்க்குகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே (lsblk) கட்டளை கொடுத்துப் பாருங்கள். புது டிஸ்க்குக்குக் கீழே எம்பாத் (mpath) என்று ஒரு வரி தெரிந்தால் ஆள் மாட்டிக்கொண்டார். மல்டிபாத் கான்ஃப் ஃபைலில் எஸ்டி (sd) என்று தொடங்கும் டிஸ்க்குகளை பிளாக்லிஸ்ட்டில் சேர்த்து சர்வீஸை ரீஸ்டார்ட் செய்யுங்கள், மூன்று நோடிலும். இல்லை, அந்த சர்வீஸையே நிறுத்திவிட்டாலும் உங்களுக்கு நஷ்டமில்லை.

ரூக் என்பது உண்மையில் செஃப் (Ceph) என்ற ஸ்டோரேஜ் மென்பொருளைக் குபர்நெட்டிஸுக்குள் நிறுவி மேய்க்கும் ஆப்பரேட்டர்தான், டேட்டாவைச் சுமப்பது செஃப். சேஜ் வைல் கலிஃபோர்னியாவில் பிஎச்டி ஆய்வாகத் தொடங்கியது அது, இன்றைக்குப் பெரிய பெரிய கிளவுட்களையே தாங்குகிறது, அருமையான சரக்கு. ஆனால் ஃபைல்சிஸ்டம் எதுவும் போடாத வெற்று டிஸ்க் கேட்கும், ஓஎஸ்டி (டிஸ்க் ஒன்றைக் கவனிக்கும் செஃப் புரோகிராம்) ஒவ்வொன்றுக்கும் 4 ஜிபி ராம் என்பது அதன் வழக்கமான இலக்கு. உங்களிடம் இருப்பதே 8. மிச்சத்தில் பில்லிங் எங்கே ஓடும்?

ஒன்று சொல்ல விட்டுப்போனது. கே3எஸ் தன்னோடு லோக்கல்-பாத் என்ற ஸ்டோரேஜ் கிளாஸையும் (ஸ்டோரேஜ் வகை) கொண்டுவருகிறது. லாங்ஹார்ன் வருவதற்கு முன் நீங்கள் போட்ட பிவிசி (ஸ்டோரேஜ் கேட்கும் விண்ணப்பம்) எல்லாம் அதில்தான் இருக்கும், அதாவது ஒரே ஒரு நோடில், ஒரே பிரதியாக. அவை தாமாக இடம் மாறாது. புது பிவிசி போட்டு டேட்டாவை நகலெடுக்க வேண்டும். அதையும் தீபாவளிக் கூட்டம் எம்.சி. ரோட்டில் இறங்குவதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.

கேள்வி: கரண்ட் போய் ஒரு நோட் அணைந்தால் போஸ்ட்கிரஸ் (டேட்டாபேஸ்) பாட் அடுத்த நோடுக்குப் போகாமல் டெர்மினேட்டிங் என்றே நிற்கிறது. லாங்ஹார்னில் மூன்று பிரதி வைத்து என்ன லாபம்?
- வாசகர், ராயபுரம்

பதில்: எரிச்சல் நியாயம்தான், ஆனால் அது வேண்டுமென்றே செய்த ஏற்பாடு. நோட் பதில் சொல்லவில்லை என்றால் குபர்நெட்டிஸ் வழக்கமாக 300 விநாடி பொறுக்கும், பிறகுதான் பாட்டை அகற்றச் சொல்லும். அகற்றியாயிற்று என்று உறுதி சொல்ல அந்த நோடே உயிரோடு இல்லையே! அது நிஜமாகவே அணைந்ததா, இல்லை நெட்வொர்க் கேபிள் மட்டும் கழன்று உள்ளே போஸ்ட்கிரஸ் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறதா என்பது வெளியிலிருந்து தெரியாது. இரண்டு போஸ்ட்கிரஸ் ஒரே வால்யூமில் எழுதினால் டேட்டா கந்தல். அதனால்தான் ஸ்டேட்ஃபுல்செட் (டேட்டா வைத்திருக்கும் பாட்களை ஓட்டும் முறை) அசையாமல் நிற்கிறது. நோட் அணைந்ததைக் கண்ணால் பார்த்துவிட்டால் பாட்டை ஃபோர்ஸ் டெலீட் செய்யலாம். கையால் செய்ய முடியாத இடம் என்றால் லாங்ஹார்ன் செட்டிங்ஸில் நோட் டவுன் பாட் டெலீஷன் பாலிசி இருக்கிறது. நிறுவும்போது ஒன்றும் செய்யாதே என்றுதான் இருக்கும், ஸ்டேட்ஃபுல்செட், டெப்ளாய்மென்ட் (மற்ற பாட்களை ஓட்டும் முறை) இரண்டுக்கும் டெலீட் என்று மாற்றுங்கள். அதைவிட, நெட்வொர்க் சுவிட்சையும் யுபிஎஸ்ஸில் மாட்டினீர்களா? பிசிக்களை மாட்டிவிட்டு சுவிட்சை மறப்பவர்கள்தான் அதிகம்.

கேள்வி: மூன்று நோடில் மூன்று பிரதி இருக்கும்போது தனியாக பேக்கப் எதற்கு?
- வாசகர், திருவொற்றியூர்

பதில்: கடைப் பையன் தவறிப்போய் ஒரு டேபிளை அழித்தால் மூன்று பிரதியிலும் அதே நொடியில் அழியும், எழுதுவது எல்லாவற்றுக்கும் ஒன்றாகவே போகிறது. அது போக, 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் உங்கள் பக்கம் தண்ணீர் நின்றது நினைவிருக்கிறதா? மூன்று பெட்டியும் ஒரே மேசைக்கு அடியில் இருந்தால் மூன்றும் சேர்ந்தே நனையும். பேக்கப் டார்கெட்டாக எஸ்3 (கிளவுட் ஸ்டோரேஜ்) அல்லது என்எஃப்எஸ் (நெட்வொர்க்கில் பகிரும் ஃபோல்டர்) கொடுக்கலாம், ஆனால் அந்த என்எஃப்எஸ் பெட்டியை அதே அறையில் வைக்காதீர்கள். தினமும் ராத்திரி கடை சாத்திய பிறகு ஓடும்படி ரெக்கரிங் ஜாப் போட்டுவிட்டு, மாதம் ஒரு முறை புது வால்யூமில் ரீஸ்டோர் செய்து டேட்டாபேஸ் திறக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: இரண்டு மெஷின்தான் இருக்கிறது, போதுமா?
- வாசகர், வியாசர்பாடி

பதில்: பிரதி எண்ணிக்கையை 2 ஆக்கினால் லாங்ஹார்ன் ஓடும், 3 என்றே விட்டால் வால்யூம் எப்போதும் டிகிரேடட் (பிரதி குறைகிறது) என்று புலம்பும். ஆனால் இரண்டையும் சர்வராக்கி இடிசிடி (கிளஸ்டரின் நிலையைப் பதிந்துவைக்கும் டேட்டாபேஸ்) ஓட்டாதீர்கள், ஒன்று விழுந்தாலே பெரும்பான்மை போய் கிளஸ்டர் நின்றுவிடும்.