நோட்டரி கையெழுத்து இருந்தால் பத்திரம் பதிவானதாக அர்த்தமா?

மனை வாங்க நோட்டரி முத்திரை போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது.

நோட்டரி என்பவர் ஆவணங்களுக்குச் சான்றளிக்க அரசு நியமித்தவர். அவரிடம் போகும் இரண்டு ஆவணங்களைப் பாருங்கள்: அஃபிடவிட், உண்மை நகல். அஃபிடவிட் என்றால் பிரமாணப் பத்திரம். அதில் உள்ளது உண்மை என்று நீங்கள் உறுதிமொழி எடுத்துக் கையெழுத்திடுகிறீர்கள். நீங்கள் அப்படிக் கையெழுத்திட்டதற்கு நோட்டரி சான்று தருகிறார், அவ்வளவுதான். பொய் என்றால் மாட்டுவது நீங்கள். உண்மை நகல் என்பது அசலோடு ஒப்பிட்டுப் பார்த்த பிரதி. (அசலைப் பார்க்காமலே முத்திரை குத்துபவர்களும் உண்டு, அது வேறு கதை.)

சரி, பதிவு? அது தனி வேலை. 1952ஆம் ஆண்டின் நோட்டரிகள் சட்டம் சான்றளிக்கும் அதிகாரத்தைத்தான் தருகிறது. 100 ரூபாயோ அதற்கு மேலோ மதிப்புள்ள நிலத்தை விற்றால், கிரயப் பத்திரம் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாக வேண்டும். "நோட்டரி போட்டாச்சு, மிச்சப் பணத்தைக் கொடுங்க" என்று விற்பவர் சொன்னால் கொடுத்துவிடாதீர்கள்.