வரைபடத்தை இசைக்குறிப்பாக வைத்து மின்னணு இசை அமைப்பது எப்படி?

வரைபடத்தில் உள்ள எது ஒலியின் எந்தக் குணமாக மாறும் என்பதைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும். இடமிருந்து வலம் நேரம், கீழிருந்து மேல் சுருதி என்பது எளிய வழி.

அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜ் 1961-62இல் 'அட்லஸ் எக்ளிப்டிகாலிஸ்' படைப்பை இப்படித்தான் அமைத்தார். செக் வானியலாளர் அன்டோனின் பெச்வாரின் விண்மீன் வரைபடங்கள் மேல் ஒளி ஊடுருவும் தாளை விரித்து, விண்மீன்கள் இருந்த இடங்களை ஸ்வரங்களாகக் குறித்துக்கொண்டார். எந்த விண்மீன் எந்த வாத்தியத்துக்கு என்பது போன்றவற்றைத் தற்செயலிடம் விட்டார். பெரிய புள்ளி என்றால் உரத்த ஒலி. 1964இல் நியூயார்க் பில்ஹார்மோனிக் இதை வாசித்தபோது வாத்தியங்களில் அவற்றின் அதிர்வை நேரடியாகப் பிடிக்கும் தொடு மைக்குகளைப் பொருத்தி, ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மிக்சர் வழியாக ஒலிபெருக்கிகளுக்கு அனுப்பினார்கள். தான் வாசிப்பது அரங்கில் கேட்குமா என்பது கலைஞரின் கையில் இல்லை! எனக்கு இந்தப் படைப்பில் மிகவும் பிடித்த துணிச்சல் அது.

1977இல் இசையமைப்பாளர் செனாகிஸ் பாரிஸில் உருவாக்கிய யூபிக் கருவியில், பலகையில் மின்பேனாவால் வரைந்த கோட்டைக் கணினியே ஒலியாக்கியது.

சரி, நீங்கள் எப்படித் தொடங்குவது? முழு வரைபடத்தையும் ஸ்கேன் செய்து மென்பொருளில் போடாதீர்கள். ஊர்ப்பெயர், கட்டம், நிறம் எல்லாம் சேர்ந்து ஒலித்து வெறும் இரைச்சலாகிவிடும். ஓர் ஆற்றை மட்டும் தனியே வரைந்தெடுங்கள். அதன் வளைவுகள் சுருதியை மெல்ல ஏற்றி இறக்கட்டும். அப்புறம் சமஉயரக் கோடுகள் நெருங்கும் இடங்களில் ஃபில்டரை, அதாவது ஒலியின் ஒரு பகுதியை மட்டும் விடும் வடிகட்டியை, திறந்து பாருங்கள். செங்குத்தான மலைச்சரிவு காதுக்குத் தெரியும்.