மூட்டையும் பொத்தானும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். மன்னார்குடியில் ஓர் அரிசி ஆலை நிறுவனத்தின் கணினிப் பிரிவில் வேலை செய்கிறேன். நாங்கள் மூன்று பேர். அண்மையில் ஒரு விளம்பர நிறுவனம் எங்களுக்குப் புதிய இலச்சினை, மஞ்சள் நிறம், எழுத்துரு, மூட்டையின் வடிவம் எல்லாவற்றையும் தொகுத்துத் தடித்த கையேடு ஒன்றைக் கொடுத்தது. விவசாயிகளும் கடைக்காரர்களும் பயன்படுத்தும் எங்கள் செயலியில் பக்கத்துக்கு ஒரு விதமாகப் பொத்தான்கள் இருக்கின்றன. அவற்றை ஒரே மாதிரி செய்வதற்கான விதிகளும் நிரல்துண்டுகளும் அடங்கிய தொகுப்பு, அதாவது டிசைன் சிஸ்டம், வேண்டும் என்றேன். “அதைத்தான் காசு கொடுத்து வாங்கியாயிற்றே” என்கிறார் முதலாளி. இரண்டும் ஒன்றா? அதே விளம்பர நிறுவனம் இப்போது டிசைன் சிஸ்டத்துக்குத் தனியாக விலைப்புள்ளி அனுப்பியிருக்கிறது. வாங்கலாமா?

ஒரு வாசகர், மன்னார்குடி

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் முதலாளியைக் குறை சொல்ல மாட்டேன். இரண்டிலும் நிறம் இருக்கிறது, எழுத்துரு இருக்கிறது, ‘இப்படிச் செய்யாதே’ என்று சிவப்புக் கோடு போட்ட படங்கள் இருக்கின்றன. பணம் கொடுத்தவருக்கு இரண்டும் ஒரே சரக்காகத்தான் தெரியும்.

யாருக்காகச் செய்யப்பட்டவை என்று கேட்டால் பிரிந்துவிடும். திருத்துறைப்பூண்டி மளிகைக் கடையில் அடுக்கிய மூட்டைகளுக்கு நடுவே உங்கள் மூட்டையை வாங்குபவர் அடையாளம் காண்பதற்கு பிராண்ட் சிஸ்டம், அதாவது உங்களிடம் இருக்கும் அந்தத் தடித்த கையேடு. உங்கள் மூவருக்கும், நாளை சேரப்போகும் நான்காமவருக்கும் டிசைன் சிஸ்டம். ஒரு படிவத்தை நேற்று எப்படிச் செய்தோமோ அப்படியே இன்றும், யோசித்து நேரம் வீணாக்காமல், அதே நிரல்துண்டை எடுத்துச் செய்வதற்கு அது. வாடிக்கையாளருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரிய வேண்டியதில்லை.

இன்னொரு சோதனையும் உண்டு: எதைக் கடன் கொடுக்கலாம், எதைக் கொடுக்க முடியாது? பிரிட்டிஷ் அரசின் இணையச் சேவைகளுக்கான டிசைன் சிஸ்டம் 2018இல் வெளிவந்தது. அதன் நிரலை யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தலாம், மன்னார்குடி ஆலைகூட. ஆனால் அதில் வரும் மகுடச் சின்னத்தையும், அந்நாட்டுச் சாலைப் பலகைகளின் வழிவந்த எழுத்துருவையும் அரசுத் தளங்களுக்கு வெளியே யாரும் பயன்படுத்தக் கூடாது. பொத்தான் பொதுச்சொத்து, மகுடம் அரசுடையது. 2025இல் அவர்கள் பிராண்டைப் புதுப்பித்தபோது பக்கத்தின் உச்சியில் இருந்த கறுப்புப் பட்டை நீலமாயிற்று. படிவத்தை நிரப்பும் முறை மாறவில்லை.

நம் பக்கத்திலேயே பார்க்க வேண்டுமானால் சாமி சிலைகள் வார்க்கும் சுவாமிமலைக்குப் போங்கள். ஸ்தபதி ஒடியோலை என்னும் ஓலைக் கீற்றை மடித்து அளவெடுக்கிறார். சிவனுக்கும் திருமாலுக்கும் உத்தம தசதாளம் என்ற ஒரே அளவுமுறைதான், உயரம் 124 பங்கு. மெழுகில் உடல் உருவாகும் கணக்கில் இருவருக்கும் வேற்றுமை இல்லை. கையில் மானும் மழுவும் ஏறினால் சிவன், சங்கும் சக்கரமும் ஏறினால் திருமால். தாளக்கணக்கு செய்பவருக்கு, ஆயுதம் கும்பிடுபவருக்கு. ஒப்புமை இதற்கு மேல் போகாது. சுவாமிமலையில் யாரும் தாளத்துக்கு ஆண்டுக்கொரு புதிய பதிப்பு வெளியிடுவதில்லை. உங்கள் டிசைன் சிஸ்டத்துக்கு அது தேவைப்படும்.

இப்போது உங்கள் மஞ்சள். சண்டை அங்கேதான் வரப்போகிறது. மூட்டையில் அந்த நிறம் எடுப்பாக இருக்கும். அதையே பொத்தானாக்கி மேலே வெள்ளை எழுத்து வைத்தால், சம்பா அறுவடைக் களத்தில் வெயிலில் நின்று செல்பேசியைப் பார்க்கும் விவசாயிக்கு ஒன்றும் தெரியாது. சாதாரண அளவு எழுத்துக்கும் பின்புலத்துக்கும் இடையிலான ஒளிவேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 இருக்க வேண்டும் என்பது இணைய அணுகல்தன்மை வழிகாட்டி நெறிகளில் பரவலாகப் பின்பற்றப்படும் அளவு. மஞ்சள் மேல் வெள்ளை அதன் அருகில்கூட வராது. எழுத்தை அடர்பழுப்பாக்குங்கள், அல்லது மஞ்சளை ஓரக்கோட்டோடு நிறுத்துங்கள். கையேட்டில் அப்படி இல்லையே என்பார்கள். செயலிக்குள் கையேடுதான் வழிவிட வேண்டும் என்பது என் கட்சி. மூட்டையில் நீங்கள் வாயைத் திறக்க வேண்டாம்.

எழுத்துருவையும் பாருங்கள். கையேட்டில் உள்ளதில் தமிழ் எழுத்துகள் இருக்கின்றனவா? ஆங்கிலத்துக்கு மட்டும் அழகான எழுத்துருவைத் தேர்ந்தெடுத்துவிட்டு, தமிழ் தானாக வந்துவிடும் என்று நினைப்பவர்கள் நம் ஊரில் ஏராளம். வராது. செல்பேசி தன்னிடம் இருக்கும் ஏதோ ஒன்றைப் போட்டு நிரப்பும். நல்ல எழுத்துரு கிடைத்தாலும் வேலை முடியாது. ‘கீ’யின் சுழி மேலே போகிறது, ‘கூ’வின் வால் கீழே இறங்குகிறது, ஆங்கிலத்துக்கு வைத்த வரி இடைவெளியில் இரண்டு வரிகள் உரசும். நான்கு எழுத்து ஆங்கிலச் சொல்லுக்கு அளந்த பொத்தானில் ‘சமர்ப்பிக்கவும்’ அடங்காது. இவற்றையெல்லாம் எந்த பிராண்ட் கையேடும் சொல்லாது, சொல்ல வேண்டியதும் இல்லை. உங்கள் டிசைன் சிஸ்டத்தின் முதல் பக்கமே இதுதான்.

இரண்டும் சந்திக்கும் இடங்களும் உண்டு. நிறத்தின் எண்ணை நிரலில் நூறு இடத்தில் எழுதாமல், அதற்கு ஒரு பெயர் வைத்து அந்தப் பெயரை மட்டும் பயன்படுத்துங்கள். டிசைன் டோக்கன் என்பார்கள். மஞ்சளை பிராண்ட் மாற்றினால் ஒரே இடத்தில் திருத்தினால் போதும். பிழைச்செய்தி இன்னொரு சந்திப்பு. அது எங்கே தோன்ற வேண்டும், சிவப்பு நிறத்தை மட்டும் நம்பாமல் வேறு என்ன குறி வேண்டும் என்பது டிசைன் சிஸ்டத்தின் பாடு. ‘தவறான உள்ளீடு’ என்று அதட்டுவதா, ‘ஈரப்பதத்தை எண்ணில் எழுதுங்கள்’ என்று சொல்வதா என்பது உங்கள் நிறுவனம் விவசாயியிடம் பேசும் தொனி. அதை பிராண்ட் தீர்மானிக்கலாம்.

விலைப்புள்ளி விஷயம். அவர்கள் இன்னொரு கையேட்டைத்தான் தரப்போகிறார்கள் என்றால் வேண்டாம். ஓடும் நிரல், தமிழில் சோதித்த பொத்தான்கள், பிறகு மாற்றம் வந்தால் யார் வந்து செய்வார்கள் என்ற ஏற்பாடு, இவை இருந்தால் பேசிப் பாருங்கள். மூன்று பேருக்குப் பெரிய சிஸ்டம் தேவையில்லை என்றே நினைக்கிறேன். இருக்கும் எல்லாப் பொத்தான்களையும் படமெடுத்து ஒரே தாளில் ஒட்டி முதலாளியிடம் காட்டுங்கள். என் கடிதத்தைவிட அது வேகமாக வேலை செய்யும். பிறகு பொத்தான், படிவக் கட்டம், பிழைச்செய்தி, விலைப்பட்டியல் ஆகியவற்றை மட்டும் நீங்களே ஒழுங்குபடுத்திவிடலாம்.

வெளியே கொடுப்பதாக முடிவானால், நிரலின் உரிமையை எழுத்தில் மாற்றி வாங்கிக்கொள்ளுங்கள். பதிப்புரிமைச் சட்டம் அதை எழுத்தில்தான் ஏற்கிறது. இலச்சினைக்கு அப்படி வாங்கியிருக்கிறார்களா என்று பழைய ஒப்பந்தத்தையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

அன்புடன்.