ஸ்பெயின் பாதி, மெக்சிகோ மீதி

தம்பி, பிலிப்பைன்ஸில் மணிலாவை ஒட்டிய மக்காத்திக்கு வேலைக்கு வந்து இரண்டு மாதம் என்று எழுதியிருந்தீர்கள். மெக்சிகோவிலிருந்து வந்த உங்கள் மேலாளரும் பிலிப்பினோ ஊழியர்களும் பங்காளிகள் மாதிரி பழகுகிறார்களே, "இரண்டு நாட்டையும் ஸ்பெயின் ஆண்டது, இரண்டிலும் கத்தோலிக்கர்கள், அவ்வளவுதானே?" என்று கேட்டிருந்தீர்கள். நானும் வந்த புதிதில் அப்படித்தான் நினைத்தேன். மணிலாவில் பதினான்கு வருடம் கழித்தபின் சொல்கிறேன், அது பாதிக் கதைதான்.

ஸ்பெயின் இந்தத் தீவுகளை ரொம்ப காலம் நேரடியாக ஆளவில்லை. 1821 வரை மெக்சிகோ நகரில் இருந்த வைஸ்ராய்க்குக் கீழ்தான் மணிலா. 1565 முதல் 1815 வரை, 250 வருடம், மணிலாவுக்கும் மெக்சிகோவின் அக்காபுல்கோ துறைமுகத்துக்கும் பாய்மரக் கப்பல்கள் போய் வந்தன. இங்கிருந்து சீனப் பட்டும் பீங்கானும் போகும், அங்கிருந்து வெள்ளி வரும். நம் சோழமண்டலக் கரைத் துணியும் அந்தக் கப்பல்களில் ஏறியிருக்கிறது. சரக்கோடு ஆட்களும் செடிகளும் சாமிகளும் வந்து இறங்கினார்கள்.

இந்த வாரம் சந்தைக்குப் போனால் காதைத் தீட்டி வைத்துக்கொள்ளுங்கள். தக்காளிக்குக் கமாதிஸ், நம் சௌசௌவுக்குச் சயோத்தே. இரண்டுக்கும் வேர் மெக்சிகோப் பூர்வகுடிகளின் நாவாட்டல் மொழியில் இருக்கிறது. மலிவுக் கடை வரிசையை இங்கே தியாங்கே என்பார்கள், அங்கே தெருச்சந்தைக்குத் தியாங்கிஸ் என்று பெயர். மழைக்காலக் காலையில் சம்போராதோ என்று ஒன்று கொடுப்பார்கள்: சாக்லேட் போட்ட அரிசிக் கஞ்சி, தொட்டுக்கொள்ளக் கருவாடு! முதல் தடவை வீட்டுக்காரம்மா நீட்டியபோது எனக்குக் குமட்டியது. இப்போது மழை தூறினாலே நாக்கு அதைத்தான் கேட்கிறது. கிட்டத்தட்ட அதே பெயரில் மெக்சிகோவில் மக்காச்சோள மாவில் கரைத்துக் குடிக்கிறார்கள், கருவாடு மட்டும் கிடையாது.

இவர்கள் வாங்கிக்கொண்டது மட்டும் இல்லை, கொடுத்ததும் உண்டு. தென்னங்கள் இறக்கும் வித்தையைப் பிலிப்பினோக்கள்தான் மெக்சிகோவின் பசிபிக் கரைக்குக் கொண்டுபோனார்கள். அந்தக் கரையிலுள்ள கொலிமாவில் இன்றும் 'தூபா' என்று இங்குள்ள பெயரிலேயே, நிலக்கடலை தூவித் தெருவில் விற்கிறார்கள். (நம் ஊரில் கள்ளுக்குத் தடை என்று உங்கள் மேலாளரிடம் சொல்லிப் பாருங்கள், நம்ப மாட்டார்.) அங்கே ஒரு மாம்பழ ரகத்துக்குப் பெயரே 'மணிலா'.

ஜனவரி 9 அன்று மணிலாவின் கியாப்போ பக்கம் எந்த வேலையும் வைத்துக்கொள்ளாதீர்கள். கறுப்பு நசரேன் என்று இவர்கள் உருகும் இயேசு சுரூபம் மெக்சிகோவில் செதுக்கப்பட்டு 1606-ல் வந்தது என்பது மரபு. தேர் வடத்தைத் தொட லட்சக்கணக்கான பேர் வெறுங்காலோடு முண்டியடிப்பார்கள். மணிலாவுக்குப் பக்கத்து ஊரான அந்திப்போலோவின் மாதா 1626-ல் அக்காபுல்கோவிலிருந்து கப்பலில் வந்தவர். பயணத்துக்குத் துணை நிற்கும் மாதா என்பதால் புது வண்டி வாங்கியவர்கள் அங்கே போய் மந்திரித்துக்கொண்டு வருவார்கள். எலுமிச்சம்பழம் ஒன்றுதான் பாக்கி.

இரண்டு நாடுகளுக்கும் முறைப்படி தூதரக உறவு ஏற்பட்டது 1953-ல்தான். அதற்கு முன்பே, 1945-ல், மெக்சிகோவின் 201-வது விமானப் படைப்பிரிவு லூசோன் தீவில் ஜப்பானியரை எதிர்த்துப் போரிட்டது. இதையெல்லாம் உங்கள் அலுவலகத்தில் யாரும் உட்கார்ந்து பேச மாட்டார்கள். ஆனால் குடும்பத்தைப் பற்றி, மாதாவைப் பற்றி, சாப்பாட்டைப் பற்றி அவர்கள் பேச ஆரம்பித்தால் ஒருவருக்கு மற்றவர் விளக்கம் சொல்லவேண்டியதே இல்லை.

சரி, ஒரு மழை நாளில் மேலாளரைச் சம்போராதோ சாப்பிடக் கூட்டிப்போங்கள். கருவாட்டைப் பற்றி மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.